கால் இரண்டு, பெடல் மூன்று
பந்தயக்காரர்களின் 'ஹீல் அண்ட் டோ' வித்தையும் நம் டிரைவர்களின் 'டபுள் கிளட்ச்'சும்

காரில் பெடல்கள் மூன்று. ஓட்டுகிறவருக்குக் கால்கள் இரண்டு. சாதாரண ஓட்டத்தில் இதனால் தொல்லை எதுவும் இல்லை. இடது கால் கிளட்சைக் கவனித்துக் கொள்கிறது. வலது கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் மாறி மாறிப் போய் வருகிறது.

மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் ஒரு வளைவை நெருங்கும் பந்தயக்காரரின் நிலை வேறு. அவர் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். அதே வினாடியில் கிளட்சை மிதித்துக் கியரைக் குறைக்க வேண்டும். கியர் விழும் நேரத்தில் என்ஜினுக்குக் கொஞ்சம் 'ரேஸ்' கொடுக்கவும் வேண்டும். மூன்று பெடல்களும் ஒரே சமயத்தில் தேவைப்படுகின்றன. இதற்காக ஏற்பட்ட கால் வித்தைக்குத்தான் 'ஹீல் அண்ட் டோ' என்று பெயர். குதிகாலும் விரலும் என்று பொருள். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்திக் கொண்டிருக்கும்போதே, அதே பாதத்தின் குதியோ வெளிப்பக்கமோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி விடுகிறது.

அந்தமானில் பந்தயத் தளம் கிடையாது. பிறகு இதைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். கார்ப் பந்தயத்தில் ஆசை கொண்ட இளைஞர்கள் எங்கும் இருக்கிறார்கள்; விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னையிலோ கோவையிலோ கற்றுக் கொள்ள வழி இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்த வித்தை அந்நியமே அல்ல. இதன் பாதியைப் பழைய லாரி டிரைவர்கள் தினந்தோறும் செய்து வந்தார்கள். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காத ஜீப்பை ஏற்றத்தில் நிறுத்திப் பின்னுக்கு உருளாமல் கிளப்புகிறவரும், தம் வலது காலால் இரண்டு பெடல்களையும் ஒன்றாகத்தான் மிதிக்கிறார். மேடும் பள்ளமுமான போர்ட் பிளேர் தெருக்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள கணக்கு

ஒரு காரை எடுத்துக் கொள்வோம். நாலாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாவது கியரில் போனால், என்ஜின் ஏறக்குறைய 4,200 சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டாவது கியரானால் 6,300 வரை போய்விடும். கியர் குறையக் குறைய, அதே வேகத்துக்கு என்ஜின் அதிகமாகச் சுற்றியாக வேண்டும்.

இப்போது டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதிக்கிறார். கிளட்சையும் மிதித்துக் கியரைக் குறைக்கிறார். கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்தச் சிறு நேரத்தில் என்ஜின் சக்கரத்தோடு தொடர்பற்றுக் கிடக்கிறது. அதன் சுற்று 3,000-லிருந்து மளமளவென்று இறங்கி 1,500-க்கு வந்துவிடுகிறது. மூன்றாவது கியருக்கு வேண்டியதோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த நிலையில் கிளட்சை விட்டால், பாக்கியை யார் கட்டுவது? சக்கரம்தான் கட்டுகிறது. உருண்டு கொண்டிருக்கும் டயர் தன் பலத்தால் என்ஜினைப் பிடித்து இழுத்துச் சுற்ற வைக்க வேண்டும். அப்போதுதான் வண்டி 'விலுக்'கென்று ஒரு உதறு உதறுகிறது.

டயருக்குத் தரையில் உள்ள பிடிப்பு நம் மாதச் சம்பளம் மாதிரி. அதற்கு ஒரு அளவு உண்டு. பிரேக்குக்கே முழுச் சம்பளத்தையும் செலவழித்துவிட்ட நேரத்தில், என்ஜினை இழுக்கிற செலவு புதிதாக வந்து நின்றால், டயர் கையை விரித்துவிடும். தரையில் வழுக்க ஆரம்பிக்கும்.

பிரேக் பிடித்ததும் பஸ்ஸில் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வதைப் பார்க்கிறோம். வண்டியின் பாரமும் அப்படியே முன் சக்கரங்களுக்குப் போகிறது. பின் சக்கரங்கள் இலேசாகி விடுகின்றன. அம்பாசிடர், ஜீப் போலப் பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில், இலேசான அந்தப் பின் சக்கரங்களின் தலையில்தான் இந்த உதறல் விழுகிறது. வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் நழுவுவதற்கு அது போதும். மாருதி போல முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில், முன் டயர்களே பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இந்த உதறலையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. பிடிப்பு விட்டுப் போனால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும்.

ஆக, கிளட்சை விடுவதற்கு முன்பே என்ஜினின் சுற்றை 1,500-லிருந்து 4,200-க்கு ஏற்றி வைத்துவிட்டால் பாக்கி தீர்ந்தது. டயருக்குச் சுமை இல்லை. ஆக்ஸிலரேட்டரில் ஒரு தட்டு என்பது அதற்காகத்தான்.

லாரி டிரைவர்களின் 'டபுள் கிளட்ச்'

இன்றைய வண்டிகளில் கியர் மாற்றுவது எளிது. இணைய வேண்டிய பற்களைச் சம வேகத்துக்குக் கொண்டு வரும் 'சிங்க்ரோமெஷ்' என்ற அமைப்பு பெட்டிக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனி 1928-ம் ஆண்டில் இதைத் தன் கார்களில் முதலில் கொண்டு வந்தது. நம் நாட்டு லாரிகளுக்கு அது வந்து சேர வெகு காலம் ஆயிற்று.

அது இல்லாத பெட்டியில் கியரைக் குறைக்க வேண்டுமானால் டிரைவர் ஆறு வேலை செய்ய வேண்டும். கிளட்சை மிதிக்க வேண்டும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வர வேண்டும். கிளட்சை விட வேண்டும். நியூட்ரலில் ஒரு 'ரேஸ்' கொடுக்க வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். கடைசியாகக் கிளட்சை விட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். கொடுக்கிற 'ரேஸ்' கூடினாலும் குறைந்தாலும் பற்கள் கடகடவென்று கத்தும், கியர் விழாது. இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் லாரி நியூட்ரலில் ஓட ஆரம்பித்துவிடும். வேகம் கூடக் கூட, கியர் விழுவது இன்னும் கஷ்டம். ஆகவே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக் கொள் என்பது கிளீனராக ஏறியவர் கற்ற முதல் பாடங்களில் ஒன்றாக இருந்தது.

டபுள் கிளட்சும் ஹீல் அண்ட் டோவும் ஒன்றல்ல. முன்னது பெட்டிக்குள் பற்கள் சேருவதற்காக. பின்னது சக்கரத்துக்கு உதறல் போகாமல் இருப்பதற்காக. அதுவும் பிரேக்கை விடாமலே செய்வதற்காக. ஆனால் இரண்டுக்கும் உயிர் அந்த 'ரேஸ்'தான். காதால் என்ஜினின் சுற்றை அளந்து, காலால் அதைச் சரிக்கட்டுவதுதான் இரண்டிலும் உள்ள கலை.

செய்முறை

பந்தயத் தளத்தில் ஒரு வளைவு வருகிறது. ஓட்டுகிறவர் செய்வது இதுதான்.

1. நேர்ச்சாலையிலேயே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே, வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கைப் பலமாக மிதிக்கிறார். பாதம் பிரேக்கின் வலது ஓரத்தில் இருக்கும்.

2. வேகம் போதிய அளவு குறைந்ததும், பிரேக்கை விடாமல் இடது காலால் கிளட்சை மிதிக்கிறார்.

3. கியரைக் கீழே தள்ளுகிறார்.

4. கியர் நகரும் அதே நேரத்தில், கணுக்காலை வலப்பக்கம் சாய்த்து, பாதத்தின் வெளி ஓரத்தாலோ குதியாலோ ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டுகிறார்.

5. சுற்று ஏறி நிற்கும் அந்தக் கணத்தில் கிளட்சை விடுகிறார்.

6. பிரேக்கைப் படிப்படியாகத் தளர்த்திக் கொண்டே வளைவுக்குள் திரும்புகிறார்.

எழுதுவதற்கு இத்தனை வரி பிடிக்கிறது. தேர்ந்தவர் கையில் இரண்டிலிருந்து ஐந்து வரை நடந்து முடிய ஒரு வினாடி கூட ஆகாது. பெயரில் குதிகால் இருந்தாலும், பெரும்பாலான கார்களில் பெடல்கள் நெருங்கி இருப்பதால், பாதத்தின் இடது பாதி பிரேக்கிலும் வலது பாதி ஆக்ஸிலரேட்டரிலுமாக உருட்டுவதே வசதியாக இருக்கிறது.

ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். பந்தயத்தில் வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை. கியரைக் குறைப்பது, வளைவை விட்டு வெளியேறும்போது என்ஜின் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும் என்பதற்காக. பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்றிக் கொள்ளலாம். என்ஜின் போனால் செலவு பெரிது.

வழக்கமாக நேரும் தவறுகள்

முதல் தவறு, தட்டும்போது பிரேக்கின் அழுத்தம் மாறுவது. கணுக்கால் சாயும்போது பாதம் பிரேக்கிலிருந்து கொஞ்சம் எழும்பும். அல்லது அதிகமாக அழுந்தும். வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையாமல் போவதற்கு இதுதான் காரணம். பிரேக்தான் எஜமான், தட்டுவது அதற்கு அடுத்த வேலை. இரண்டில் ஒன்றை விட நேர்ந்தால் தட்டுவதை விட வேண்டும், பிரேக்கை அல்ல.

இரண்டாவது, கோழைத் தட்டு. பயந்து பயந்து தொட்டால் சுற்று 2,000-க்குக் கூட ஏறாது. உதறல் அப்படியே இருக்கும். தட்டு குறுகியதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நேரம் தவறுவது. முன்கூட்டியே தட்டிவிட்டுக் கிளட்சை மெதுவாக விட்டால், ஏறிய சுற்று அதற்குள் இறங்கிவிடும். தட்டியது வீண்.

நான்காவது, அவசரப்பட்டுக் கியரைக் குறைப்பது. மேலே சொன்ன காரில் 80 கி.மீ. வேகத்தில் தவறிப்போய் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் என்ஜின் 6,300 சுற்றுக்குப் பிடித்து இழுக்கப்படும். அதன் உச்ச வரம்பு 6,000 ஆனால், வால்வு வளைவது முதல் என்ஜின் உடைவது வரை எதுவும் நேரலாம். ஆக்ஸிலரேட்டரால் வரம்பு மீறும்போது பெட்ரோலைத் தடுத்துக் காப்பாற்றும் சாதனங்கள் இன்றைய என்ஜின்களில் உண்டு. சக்கரமே இழுத்துச் சுற்றும்போது அந்தச் சாதனத்தால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பிரேக், பிறகுதான் கியர் என்ற வரிசை அதனால்தான் கட்டாயம்.

ஐந்தாவது, பெடலைக் குனிந்து பார்ப்பது. கண் வளைவில் இருக்க வேண்டும்.

காலணியும் முக்கியம். ரப்பர் செருப்பு உதவாது. கனத்த அடியுள்ள பூட்ஸில் பெடலின் அழுத்தம் தெரியாது. பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னா, ஜப்பானின் சுசூகா தளத்தில் ஹோண்டா காரை ஓட்டும் படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சாதாரணத் தோல் ஷூவும் வெள்ளைக் காலுறையும் அணிந்த அவர் கால்கள் பெடல்கள் மீது ஆடுவதை அதில் காணலாம்.

பயிற்சி எப்படி?

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய முயன்றால் எதுவும் படியாது. பிரித்துப் பயில வேண்டும்.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டு, நிற்கும் வண்டியில் கால் அசைவை மட்டும் பழக வேண்டும். அடுத்து, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, எவ்வளவு தட்டினால் சுற்று எவ்வளவு ஏறுகிறது என்று காதுக்குப் பழக்க வேண்டும். மூன்றாவதாக, காலியான இடத்தில் பிரேக்கைத் தொடாமல், கிளட்ச், தட்டு, கீழ்க் கியர் என்று மட்டும் செய்து பார்க்க வேண்டும். உதறல் அடியோடு மறைந்த பிறகு, பிரேக்கைத் தனியே, ஒரே சீரான அழுத்தத்தில் பிடிக்கப் பழக வேண்டும். இந்த நான்கும் கைவந்த பிறகே ஐந்தாவதாக எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

கடைசிப் படியில் பலரும் மனம் தளர்ந்து போவது உண்டு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரணக் கார்களில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிட உயரமாக நிற்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போதுதான் அது கீழே இறங்கி இரண்டும் சமமாகும். மெதுவான வேகத்தில், மென்மையான பிரேக்கில், பாதம் எட்டவே எட்டாது. ஆகவே தெருவில் வராத வித்தை தளத்தில் வந்துவிடுவது உண்டு. இதற்காகத் தெருவில் ஓட்டும் காரின் பெடலை வெட்டி ஒட்டுவது ஆபத்து.

தளத்தில் இறங்கினாலும் முதல் நாளே எல்லா வளைவுகளிலும் முயலக் கூடாது. நீண்ட நேர்ச்சாலைக்குப் பின் வரும், ஒரே ஒரு கியர் குறைக்க வேண்டிய வளைவு ஒன்றைத் தேர்ந்து, அதில் மட்டும் பழகுவது நல்லது. தேர்ச்சிக்குச் சோதனை எளியது: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை, கியர் மாறும்போது ஆடக் கூடாது.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. ஓடுபாதையின் நீளத்தில் முழு வேகத்தில் வந்து, அதன் கோடியில் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டிய இடம் அது.

1990-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தளம் திறக்கப்பட்டது. சுமார் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அந்தக் கார்களால், பெரும் பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த பந்தயம் மற்றவர்களுக்கும் ஓரளவு எட்டியது. அவர் 1995-ல் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் 'கரி' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005-ம் ஆண்டில் ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இறங்கி, ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஹீல் அண்ட் டோவுக்கு வேலை இல்லை. 1989-ல் ஃபெராரி கம்பெனி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் காரைக் கொண்டு வந்து, அதன் முதல் பந்தயத்திலேயே பிரேசிலில் வெற்றி பெற்றது. மற்ற அணிகளும் பின்தொடர்ந்தன. 'ரேஸ்' கொடுக்கும் வேலையை இப்போது அங்கே இயந்திரமே செய்கிறது. கால் செய்ததை மின்சாரம் செய்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை.

பந்தயத்தில் கலந்து கொள்ள விரும்புகிறவர்கள் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் சம்மேளனத்திடம் லைசென்ஸ் பெற வேண்டும். அதற்கு முன் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேருவதே முறை.

தீவுச் சாலைகளுக்கு எவ்வளவு எடுத்துக் கொள்ளலாம்?

முதலில் எடுத்துக் கொள்ளக் கூடாததைச் சொல்லிவிடுவோம். பொதுச் சாலையில் வேகப் பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ம் பிரிவின்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. அந்தமான் டிரங்க் ரோட்டில், ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா மக்களின் காட்டு வழியே வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். அங்கே வேக வரம்பு 40 கி.மீ.; முந்துவதும் நிறுத்துவதும் கூடாது. அந்த வேகத்தில் பிரேக்கோடு சேர்த்துத் தட்டும் வித்தைக்கு அவசியமே இல்லை.

ஆனால் வித்தையின் பாதி இங்கே மிகவும் பயன்படும். வருஷத்தில் பல மாதங்கள் மழை பெய்யும் தீவுகள் இவை. சாலைகள் ஏறி இறங்கி வளைந்து போகின்றன. மழையில் டயரின் 'சம்பளம்' பாதியாகக் குறைந்துவிடும். உலர்ந்த சாலையில் பொறுத்துக் கொண்ட உதறலை ஈரச் சாலையில் டயர் பொறுக்காது. சறுக்கலுக்கு அஞ்சிப் பிரேக்கை மென்மையாகத் தொடுகிறவர்கள் கூட, கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விடுவதைப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே ஈரச் சாலையில் செய்ய வேண்டியது இது. வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு, கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரில் ஒரு சிறு தட்டுக் கொடுத்து, கிளட்சை விட வேண்டும். வண்டி ஆடாமல் கீழ்க் கியரில் அமர்ந்துவிடும். அதன் பிறகு வளைவு. இரண்டு பெடல்களை ஒரு காலால் மிதிக்க வேண்டியதே இல்லை.

நீண்ட இறக்கத்தில் கணக்கு மாறுகிறது. பந்தயத் தளத்தில் வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை என்றோம். பாரம் ஏற்றிய லாரியோ, ஆட்கள் நிறைந்த ஜீப்போ இறங்கும்போது பிரேக்கையே நம்பினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அங்கே வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது கீழ்க் கியரில் உள்ள என்ஜின்தான். பழைய டிரைவர்கள் சொன்னபடி, இறக்கம் தொடங்கும் முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேடிக் கார்களும் மின்சார வண்டிகளும் பெருகி வருகின்றன. நாளை கற்றுக் கொள்கிற பிள்ளைகளுக்கு டபுள் கிளட்ச் என்ற சொல்லே தெரியாமல் போகலாம். அவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது, வளைவுக்கு முன்பே பிரேக், இறக்கத்துக்கு முன்பே கியர் என்ற இரண்டையும் மட்டுமாவது சொல்லிக் கொடுக்க வேண்டும். மழை பெய்யும் சாலையில் டயருக்கு உள்ள சம்பளம், எந்த வண்டியானாலும் அவ்வளவுதான்.